ஆடாத தண்ணீர்

மல்லாந்து படுத்து, நெஞ்செலும்பின் மேல் கண்ணாடித் தம்ளரை வைத்துக்கொண்டேன். அதில் முக்கால்வாசி தண்ணீர். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலையும் சாத்தியிருந்தேன். காற்றில் அசைந்தது என்று பிறகு யாரும் சொல்லிவிடக் கூடாது. அண்ணன் புவனேஸ்வரனைக் கட்டிலருகே தரையில் உட்கார வைத்து, தண்ணீரின் மேற்பரப்பை மட்டும் பார்க்கச் சொன்னேன். மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தான்.

“தெரியுதா?”

“பேசாத. பேசினா ஆடுது.”

மூச்சைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே அது ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு ஓடும்போது தண்ணீரில் ஒரு வளையமாவது விழத்தான் வேண்டும். நான் தலையைத் தூக்கிப் பார்க்க முடியாது. தூக்கினால் சோதனை கெட்டுவிடும். அண்ணனின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை எதையும் பின்தொடரவில்லை.

“சும்மாதான் இருக்கு தனு,” என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உனக்கு யாரோ போன் அடிக்கிறாங்க லா. நீதான் எடுக்க மாட்டேங்கிற,” என்றான். நெஞ்சுக்குள் யாரோ கைப்பேசியை ஒலியில்லாமல் அதிரவிட்டதுபோல் இருக்கிறது என்று முன்பு ஒருமுறை நான்தான் அவனிடம் சொல்லியிருந்தேன்.

அதிர்வு என்று எழுதுகிறேன். அது சரியான சொல்தானா என்று இப்போதும் தெரியவில்லை. நடுக்கம் என்றால் கை நடுங்க வேண்டும். என் கை நடுங்குவதில்லை. துடிப்பு என்றால் இதயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பழைய குளிர்பெட்டியின் முதுகில் கை வைத்தால் ஒரு மெல்லிய ஓட்டம் தெரியுமே, அது நெஞ்சுக்குப் பின்னால் தொடங்கி, முதுகுத்தண்டு வழியே இறங்கித் தொடைகளில் பரவும். வேலை, பேச்சு, சத்தம் இவற்றுக்கிடையில் மங்கியிருக்கும். உட்கார்ந்தால், படுத்தால், எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்தினால் திரும்ப வந்துவிடும். வந்துவிடும் என்பதுகூடத் தவறு, அது எங்கேயும் போவதில்லை. போன வருடம் வந்த ஒரு காய்ச்சலோடு தொடங்கியது. காய்ச்சல்தான் போனது.

வேலை முடிந்து சில மாலைகளில் மெக்கலிஸ்டர் ரோட்டில் ஒரு கடைமாடியில் நடக்கும் வகுப்புக்குப் போகிறேன். தர நிர்வாகத்தில் டிப்ளோமா. ஒரு கோளாறு எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே விடு என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். அதை என் உடம்புக்குச் செய்து பார்த்தேன். கோப்பியை நிறுத்தினேன். பிறகு கோப்பியைத் தொடங்கிச் சீனியை நிறுத்தினேன். குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். அம்மா வாங்கி வைத்திருந்த மீன் கெட்டுப்போய், அதற்கு வாங்கிய திட்டுதான் அந்தச் சோதனையின் ஒரே முடிவு. ரைபிள் ரேஞ்ச் பகுதி அடுக்குமாடியில் எங்கள் வீட்டுச் சுவருக்குப் பின்னால் லிப்ட் ஓடுகிறது; ஒருவேளை அதுவாக இருக்கலாம் என்று சுங்கை பாக்காப்பில் சித்தி வீட்டுக்குப் போய்த் தங்கினேன். எஸ்டேட் ஓரத்துத் தரைவீடு. சுற்றிலும் எண்ணெய்ப்பனை, ஓர் இயந்திரமும் கிடையாது. பாய் விரித்துப் படுத்ததும் தெரிந்தது. அதுவும் என்னோடு பஸ் ஏறி வந்திருந்தது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் எனக்கு வித்தியாசம் தெரியாது. காலையில் பட்டர்வொர்த்துக்குப் போகும் பெர்ரியில். எஞ்சின் அறைக்கு மேலே உள்ள வரிசையில் உட்கார்ந்தால் இருக்கை அதிரும், காலடி அதிரும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சீனக் கிழவரின் கையிலுள்ள பத்திரிகை அதிரும். யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. அந்தக் கொஞ்ச நேரம் நானும் மற்றவர்களைப் போல ஒருத்தி. படகு கரையில் முட்டி எஞ்சினை அணைத்ததும் எல்லாருக்கும் நின்றுவிடும், எனக்கு மட்டும் நிற்காது. எழுந்து போவேன்.

மாக் மண்டினில் எங்கள் தொழிற்சாலை. மின்பலகைகளை நுண்நோக்கியில் வைத்து, பற்றவைத்த புள்ளிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. மணிக்கணக்காக அசையாமல் குனிந்திருக்க வேண்டும். அசையாமல் இருப்பதுதான் எனக்கு இப்போது முடியாத காரியம். வெளியில் அசைவதில்லை, அதுதான் தொல்லையே. வேறு பகுதிக்கு மாற்றச் சொல்லி எங்கள் லைன் லீடர் ஷேரன் அக்காவிடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. என் வேலைப் பதிவைத் திறந்து திரையில் காட்டினார்.

“பாரு. நீ பாத்து விட்ட போர்டுல ஒண்ணுகூட திரும்பி வரல. கை ஆடினா எனக்கு ஒரு கேஸ் இருக்கு. ஆடலயே. எச்.ஆர் ஆபீசுல போயி நான் என்னானு சொல்றது? உள்ளுக்குள்ள ஆடுதாம்னா சிரிப்பாங்க லா.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “சீக்குக்கு ஒரு பேரு வாங்கிட்டு வா தனு. பேரு எழுதின லெட்டர் இருந்தா நாளைக்கே மைக்ரோஸ்கோப்புலேர்ந்து எடுத்துடறேன்,” என்றார்.

அன்றிலிருந்து எனக்கு வேண்டியது பெயர்தான். குணமாக வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. எழுதிக் காட்டக்கூடிய ஒரு பெயர்.

கம்பெனி கிளினிக்கில் மன அழுத்தம் என்றார்கள். ரத்தம் எடுத்தார்கள்; சீனி, தைராய்டு, வைட்டமின் எல்லாம் இருக்க வேண்டிய அளவில் இருந்தன. வேறொரு கிளினிக்கில் இருந்த பெண் மருத்துவர் என் வயதைப் பார்த்துவிட்டு, கல்யாணப் பேச்சு ஏதாவது நடக்கிறதா என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் கைகால்களில் ஊசி குத்தி மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். தலையைக் குழாய்க்குள் அனுப்பிப் படம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லை நல்ல செய்தியைப்போல் என்னிடம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, நான்தான் இல்லாத ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறேனோ என்று தோன்றும். கண்ணை மூடி, இல்லை என்று எனக்கே சொல்லிப் பார்ப்பேன். அது கேட்டுக்கொள்வதில்லை. கடைசியில் நரம்பு நிபுணரிடம் அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். தைப்பூசத்துக்குச் சில நாள் முந்தைய தேதிதான் கிடைத்தது.

அம்மாவிடம் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். பள்ளிக்கூடக் கென்டீனில் காலையிலிருந்து அடுப்பருகே நிற்பவர். ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு என் முதுகில் வைத்தார். நெஞ்சில் வைத்தார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையைக் கழுத்தில் வைத்தார்.

“ஒண்ணுமே இல்லயேடி.”

“இப்பகூட இருக்குமா.”

“என் கைக்குத் தெரியலயே.” கொஞ்சம் யோசித்தார். “மனசுல எவனாச்சும் இருக்கானா? இருந்தா சொல்லிடு. ஒடம்பச் சாக்கு சொல்லாத.”

அதற்குப் பிறகு அம்மாவிடம் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன். ஆனால் அவர் விடவில்லை. எங்கள் பிளாக்கிற்குப் பின்னால், மதில் ஓரமாக ஒரு சின்ன அம்மன் கோயில் இருக்கிறது. அதன் பூசாரி சுகுமாரன் அண்ணன் பகலில் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமை மாலைகளில் வேட்டி கட்டி அருள்வாக்குச் சொல்கிறார். அவரிடம் அம்மா போயிருக்கிறார். அவர் வாசலில் வேனை நிறுத்திவிட்டு, சீருடையோடேயே வந்து என்னைப் பார்த்தார். நான் சொன்னதை முழுவதுமாகக் கேட்டார். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“உள்ள நின்னு ஆடுதுக்கா,” என்று அம்மாவிடம் சொன்னார். “வெளிய வர வழி தெரியல. புள்ள விரதம் இருந்து பால்குடம் எடுக்கட்டும். அதுக்கு முன்ன ஒரு தடவ உருமி வச்சுப் பாத்துருவோம்.”

எங்கள் பக்கத்தில் காவடி, பால்குடம் எடுக்கிறவர்களைத் தைப்பூசத்துக்கு முன்பே கோயிலில் நிறுத்தி உருமி அடித்துப் பார்ப்பார்கள். சாமி வருகிறதா, எப்படி வருகிறது, வந்தால் யார் பிடித்துக்கொள்வது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துவிட்டேன், இதை மட்டும் ஏன் விட வேண்டும் என்று நினைத்தேன். அதைவிட, அம்மா எனக்காக ஒருவரிடம் போய் நின்றிருக்கிறார் என்பது பெரிதாக இருந்தது. அப்படியென்றால் நான் சொன்னதை நம்பத் தொடங்கிவிட்டார்.

விரதம் தொடங்கினேன். ஒருவேளைச் சாப்பாடு, மஞ்சள் புடவை, வெறுந்தரையில் பாய். அந்த வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. கோயில் முன்னால் உருமிக் குழுப் பையன்கள் வட்டமாக நின்றார்கள். எனக்கு முன்பு இரண்டு மூன்று பேருக்கு வந்தது. ஒருவர் நாக்கைக் கடித்துக்கொண்டு குதித்தார். என் முறை வந்தபோது சாம்பிராணிப் புகையைப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். பக்கத்து பிளாக் அத்தைகள் இருபுறமும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உருமி என் முகத்துக்கு நேராக முனகியது. அந்தச் சத்தம் காலடி மண் வழியே ஏறி வந்தது. நான் நேராக நின்றேன். உள்ளே வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு விரல்கூட அசையவில்லை.

“இன்னும் வேகமா அடிங்கடா,” என்று ஓர் அத்தை சொன்னார். “புள்ள கல்லு மாரி நிக்குது.”

அடித்தார்கள். வியர்த்தது. காலையிலிருந்து வெறும் வயிறு. அப்போது அம்மா எனக்குப் பின்னாலிருந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பி, அம்மனைப் பார்த்துச் சொன்னது உருமிச் சத்தத்துக்கு மேலே தெளிவாகக் கேட்டது.

“தாயே, இவ சொல்றது நெசமா பொய்யானு இன்னிக்குக் காட்டிரு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. அம்மா நம்பி வரவில்லை, சோதிக்க வந்திருக்கிறார். நானாவது தண்ணீர்த் தம்ளரை வைத்தேன். அம்மா அம்மனையே வைத்துவிட்டார். அழக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். அடக்க அடக்கத் தோள்கள் குலுங்கின. பிறகு முழு உடம்பும் குலுங்கியது. கையைப் பிடித்திருந்த அத்தைகள், “வந்துருச்சு, வந்துருச்சு,” என்றார்கள். குலவைச் சத்தம் எழுந்தது. உருமிக்காரன் இன்னும் நெருங்கி வந்தான். இது அழுகை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாயிலிருந்து வந்தது வார்த்தையாக இல்லை. சுகுமாரன் அண்ணன் என் நெற்றியில் திருநீற்றை அழுத்தியபோது நான் தரையில் கிடந்தேன்.

அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். “பாத்துட்டேன் தாயே,” என்று சொல்லிச் சொல்லி அழுதார். “என் கண்ணால பாத்துட்டேன். தெரியாம கேட்டுட்டேன், மன்னிச்சிரு.” இத்தனை மாதங்களாக நான் கேட்க விரும்பிய சொற்கள் அவை. அவர் அவற்றை என்னிடம் சொல்லவில்லை. என் காலைப் பிடித்துக்கொண்டு வேறு ஒருத்தியிடம் சொன்னார். அண்ணன் சற்றுத் தள்ளி நின்று, அம்மாவின் கைப்பேசியில் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தான்.

அடுத்து வந்த நாட்களில் வீட்டில் என்னை யாரும் திட்டவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தார். “பசியாறிட்டுப் போம்மா” என்று பாலும் பழமும் எடுத்து வைத்தார். பக்கத்து வீடுகளிலிருந்து வந்தவர்களிடம் கைப்பேசியைக் காட்டினார். ஓர் அத்தை தன் மகனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று என்னிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். ஆனால் கையைக் கழுவிவிட்டு வந்து என் முதுகில் கை வைப்பார். “இப்ப ஆடுதா?” என்று மெதுவாகக் கேட்பார். ஆமாம் என்பேன். தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் வந்தார். நரம்பு நிபுணர் டாக்டர் ரோஹானா, நடுத்தர வயது மலாய்ப் பெண்மணி, நிதானமாகப் பேசினார். நான் குறித்து வைத்திருந்ததை மலாயில் வரிசையாகச் சொல்ல விட்டார், நடுவில் நிறுத்தவில்லை. கையை நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், கோட்டில் நடக்கச் சொன்னார். பிறகு மேசையிலிருந்து இரும்புக் கவை போன்ற ஒன்றை எடுத்து உள்ளங்கையில் தட்டி, அதன் அடியை என் கால் பெருவிரல் எலும்பில் வைத்தார்.

“அதிர்வு தெரிகிறதா?”

“தெரிகிறது.”

“எப்போது நிற்கிறதோ, அப்போது சொல்லுங்கள்.”

கண்ணை மூடிக் காத்திருந்தேன். வெளியிலிருந்து ஒருவர் என் உடம்புக்குள் அதை அனுப்பியது அதுதான் முதல் தடவை. இரண்டும் கலந்துவிட்டன. எது கவையுடையது, எது என்னுடையது என்று பிரிக்க முடியவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தபோது அவர் கவையை எப்போதோ எடுத்துவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் நிற்கவில்லை,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மறுபடியும் செய்தார், அடுத்த காலில், கணுக்காலில், மணிக்கட்டில். பிறகு உட்கார்ந்து, நீண்ட நேரம் எதையோ தட்டச்சு செய்தார். மிக மெல்லிய நரம்புகளில் கோளாறு இருந்தால் இதுவரை எடுத்த எந்தச் சோதனையிலும் தெரியாது என்றார். தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும், அது இங்கே இல்லை, கோலாலம்பூருக்கு எழுதுகிறேன் என்றார். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி வருவதுண்டு, உறுதியாக இப்போது சொல்ல முடியாது, ஆனால் பார்ப்பது நல்லது. நான் அந்த வாக்கியத்தை மனத்துக்குள் இன்னொரு தடவை சொல்லிக்கொண்டேன். சிலருக்கு வருவதுண்டு. எனக்கு முன்னால் யாரோ சிலர் இருக்கிறார்கள்.

அம்மா அதுவரை பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். தோலை வெட்ட வேண்டும் என்பது புரிந்ததும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கென்டீனில் ஆசிரியர்களிடம் பேசிப் பழகிய மலாய் அவருடையது.

“டாக்டர், வெட்ட வேண்டாம். எங்களுக்கு இது என்னானு தெரிஞ்சு போச்சு. இவளுக்கு ஆடும். நான் காட்டறேன்.”

“அம்மா, வேண்டாம்,” என்றேன்.

“நீ சும்மா இரு. டாக்டருக்குத் தெரிய வேண்டாமா?”

கைப்பேசி மேசை மேல் வந்தது. அந்தச் சிறிய அறையில் உருமி முனகியது. டாக்டர் ரோஹானா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு முழுவதையும் பார்த்தார். ஒருமுறை நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, மறுபடியும் பார்த்தார். அவர் முகத்தில் ஏளனம் இல்லை. ஒரு கணக்குக்கு விடை கிடைத்துவிட்டதுபோல் ஒரு தளர்வு மட்டும் வந்தது.

“இது எப்போது, மக்சிக்?” என்று அம்மாவை அத்தை முறை சொல்லிக் கேட்டார்.

“போன வெள்ளிக்கெழம.”

“இதற்கு முன்னால் வந்திருக்கிறதா?”

“உள்ளுக்குள்ள வந்துட்டுதான் இருந்துச்சு. அன்னிக்குத்தான் வெளிய வந்துச்சு.”

நான் ஆங்கிலத்துக்கு மாறினேன். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அன்று நான் அழுதுகொண்டிருந்தேன், அது அழுகை, இந்த அதிர்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். குரல் உடைந்துவிடாமல் சொல்ல முயன்றேன், முடியவில்லை. டாக்டர் தலையசைத்தார். புரிகிறது என்றார். அதையும் தட்டச்சு செய்தார். திரை எனக்குப் பக்கவாட்டில் இருந்தது. கோலாலம்பூருக்கு எழுதத் தொடங்கியிருந்த வரிகள் ஒவ்வொன்றாக அழிந்து, அந்த இடத்தில் வேறு வரிகள் வந்தன.

“இது நல்ல செய்தி,” என்று அவர் தொடங்கினார். உடம்பு என்னும் இயந்திரத்தில் பழுதில்லை, அதை இயக்கும் கட்டளைகளில்தான் குழப்பம். ஆணியும் திருகும் சரி, மென்பொருள்தான் சரியில்லை. மனம் தாங்க முடியாததை உடம்பு ஆடிக் காட்டுகிறது. பொய் என்று அர்த்தமில்லை, நிறையப் பேருக்கு இருக்கிறது. அதற்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொன்னார், அச்சடித்தும் கொடுத்தார். கோலாலம்பூர் இப்போதைக்கு வேண்டாம் என்றார். மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுத்தார்.

எனக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அது அந்த வீடியோவில் ஆடிக்கொண்டிருந்தவளின் பெயர். தம்ளர் வைத்துப் படுத்திருந்தவளுக்கு இன்னும் ஒன்றும் இல்லை.

“அப்ப இங்கிலீசுல என்னா சொன்ன?” என்று நடைகூடத்தில் அம்மா கேட்டார்.

“ஒண்ணுமில்லமா.”

“ஒடம்புல ஒண்ணும் இல்லனு டாக்டரே சொல்லிட்டாங்க பாத்தியா.” அவர் குரலில் அத்தனை நிம்மதி. “அப்ப என்னா? அம்மன்தான் வந்திருக்கா. நாந்தான் முட்டாளு, எவனாச்சும் இருக்கானானு கேட்டேன்.”

மறுநாள் கடிதத்தை ஷேரன் அக்காவிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். எந்தப் பிரிவுக்கு எழுதியிருக்கிறது என்று பார்த்ததும் சட்டென்று மடித்தார். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு என் கையிலேயே திரும்ப வைத்தார்.

“இத எச்.ஆருல குடுக்காத தனு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இதப் பாத்தா ஸ்கோப்புலேர்ந்து எடுக்க மாட்டாங்க. கேட்டுக்கு வெளிய விட்டுருவாங்க லா.” என் தோளைத் தட்டினார். “பேசாம வேலையப் பாரு. உன் கை நல்லாத்தானே இருக்கு.”

தைப்பூசத்தன்று விடிந்த கொஞ்ச நேரத்தில் தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்துக்கு வந்துவிட்டோம். அம்மாவே குடத்தில் பாலை ஊற்றினார். வாய் விளிம்புவரை ஊற்றி, மஞ்சள் துணியால் கட்டி, என் தலையில் ஏற்றினார். எங்கள் கோயிலின் உருமிக் குழு முன்னால் போனது. சுகுமாரன் அண்ணன் வேப்பிலையோடு பக்கத்தில் நடந்தார். அம்மா எனக்கு முன்னால், படிகளில் திரும்பித் திரும்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஏறினார். கைப்பேசியை இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடித்திருந்தார். என்னைத் தெரிந்த அத்தைகளும் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் காத்திருந்தார்கள்.

“அங்க நிறுத்தி அடிங்கடா. இப்ப வரும் பாரு.”

படி நடுவில் நிறுத்தினார்கள். உருமி என்னைச் சுற்றி வந்தது. இந்த முறை எனக்கு அழுகை வரவில்லை. ஒருவேளை அழுதால் எல்லாருக்கும் வசதியாக இருந்திருக்கும். அம்மாவின் முகத்தில் இருந்த எதிர்பார்ப்பைப் பார்த்தபோது, தோளைக் கொஞ்சம் குலுக்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதைச் செய்தால் பிறகு எனக்கே எது எது என்று தெரியாமல் போய்விடும். கழுத்தை நேராக வைத்துக்கொண்டேன். நெஞ்சுக்குப் பின்னால் அது ஓடிக்கொண்டிருந்தது, முதுகில், தொடையில், வெறுங்காலின் அடியில் சிமென்டுப் படிவரை. கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. நகர்ந்தோம்.

உச்சியில் குடத்தை இறக்கித் துணியை அவிழ்த்தார்கள். பால் விளிம்புவரை அப்படியே இருந்தது. வாங்கிக்கொண்டவர், “ஒரு சொட்டுகூட சிந்தலயே, நல்ல புள்ள,” என்று பாராட்டினார். அம்மா பாலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

கீழே இறங்கி, ஒரு தண்ணீர்ப் பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்தோம். அண்ணன் எனக்கு மோர் வாங்கி வந்து கொடுத்துவிட்டு நின்றான். அம்மா முந்தானையால் கைப்பேசியைத் துடைத்துவிட்டு, மலையில் எடுத்ததை ஓட விட்டார். கழுத்தை நீட்டி உற்றுப் பார்த்தார். அவர் முதுகு நிமிர்ந்தது.

“டேய் புவன், இங்க பாரு. ஆடுது பாருடா. நமக்குத்தான் அங்க தெரியல.”

அண்ணன் குனிந்து பார்த்தான். என்னைப் பார்த்தான்.

நானும் பார்த்தேன். திரையில் மஞ்சள் புடவையும் தலையில் குடமுமாக நின்றிருந்த பெண் நடுங்கிக்கொண்டிருந்தாள். குடம் நடுங்கியது. அவளுக்குப் பின்னால் இருந்த கைப்பிடிக் கம்பி நடுங்கியது. கம்பிக்குப் பின்னால் மரங்கள், அதற்கும் பின்னால் தூரத்தில் தெரிந்த கடல், எல்லாமே நடுங்கின. அவ்வளவு நேரம் இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்திருந்ததில் அம்மாவுக்குத் தோள் வலித்திருக்க வேண்டும்.

“பாத்தியாம்மா?” என்று அம்மா என்னிடம் கேட்டார்.

மோர்க் கோப்பையை முழங்காலில் வைத்துப் பிடித்திருந்தேன். அதில் ஒரு கறிவேப்பிலை அசையாமல் மிதந்தது. அம்மா வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து ஓட விட்டார்.